வீட்டுக்குள் பூனையைப் படம் எடுப்பது எப்படி: கேமராவுக்குப் புதியவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கேமரா வாங்கிய முதல் மாதத்தில் நான் எடுத்த பூனைப் படங்களில் பாதிக்கு மேல் வால் படங்கள். பூனை போயிருக்கும், வால் மட்டும் ஓரத்தில் சிக்கியிருக்கும். மீதிப் படங்களில் கண் பச்சையாக எரியும். இல்லாவிட்டால் பூனை இருக்க வேண்டிய இடத்தில் கலங்கலாக ஒரு சாம்பல் மேகம் தெரியும். கேமராதான் சரியில்லை என்று கொஞ்ச நாள் திட்டிக்கொண்டிருந்தேன். கேமராவில் ஒரு குறையும் இல்லை. நான் பூனையின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன்.

பூனையைத் தூக்கிக்கொண்டு வந்து வெளிச்சத்தில் உட்கார வைத்தால் இரண்டு நொடி கூட இருக்காது. ஆனால் அதுவாகவே தினமும் வந்து உட்காரும் இடங்கள் நான்கைந்து எந்த வீட்டிலும் இருக்கும். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வெளிச்சம், பின்னணி, கேமரா அளவுகள் எல்லாவற்றையும் முன்கூட்டியே சரிசெய்து வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பூனை வரும்போது நமக்கு மிச்சம் இருக்கும் வேலை பொத்தானை அழுத்துவது மட்டும்தான். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த முறைக்கானவை. போனில் எடுப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். போனுக்கு மட்டும் உரியதைத் தனியாகச் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பவை இரண்டு பூனைகள். வெள்ளை உடம்பில் நெற்றியில் மட்டும் ஒரு கறுப்புத் திட்டு உள்ளவள் புள்ளி. முழுக்கறுப்பாக இருப்பவன் கரியன். இந்த நிற வித்தியாசம் கொடுத்த தொல்லை தனிக் கதை, பின்னால் வரும்.

படி 1: மூன்று நாள் கேமராவைத் தொடாதீர்கள்

ஒரு சின்ன நோட்டு போதும். பூனை எத்தனை மணிக்கு எங்கே இருக்கிறது, அந்த நேரத்தில் அந்த இடத்தில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மட்டும் எழுதுங்கள். மூன்று நாளில் ஓர் ஒழுங்கு தெரிந்துவிடும். வளர்ந்த பூனை ஒரு நாளில் ஏறக்குறைய 12 முதல் 16 மணி நேரம் தூங்கியே கழிக்கும். துறுதுறுப்பாக இருப்பது விடியற்காலையிலும் அந்திநேரத்திலும். அதாவது வீட்டுக்குள் வெளிச்சம் மிகக் குறைவாக இருக்கும் நேரம் பார்த்துத்தான் அது ஓடியாடும். புதியவர்களின் படங்கள் கலங்கிப்போவதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

ஆகவே விளையாட்டுப் படங்களை மாலை ஓட்டத்தில் எடுக்கப் பார்க்காதீர்கள். காலைத் தூக்கம் கலைந்து எழும் நேரத்தில், ஜன்னல் வெளிச்சம் நன்றாக இருக்கும்போது, நீங்களே ஒரு சிறு விளையாட்டைத் தொடங்குங்கள். சில நாள் அதே நேரத்தில் விளையாடினால் பூனையே அந்த நேரத்துக்குத் தயாராக வந்து நிற்கும்.

இன்னொன்றையும் கவனித்து வையுங்கள்: தூங்கி எழும் பூனை பெரும்பாலும் ஒரே வரிசையில் நடந்துகொள்ளும். கண்ணைத் திறக்கும், பெரிதாக ஒரு கொட்டாவி விடும், முன்கால்களை நீட்டி முதுகை வளைத்துச் சோம்பல் முறிக்கும், அப்புறம் உட்கார்ந்து பாதத்தை நக்கத் தொடங்கும். ஓர் அசைவு தெரிந்துவிட்டால் அடுத்தது என்னவென்று ஊகிக்கலாம். பூனையிடமிருந்து நமக்குக் கிடைக்கும் பெரிய சலுகை இது.

படி 2: ஜன்னலைப் புரிந்துகொள்வது

வீட்டுக்குள் படம் எடுக்க ஜன்னலை விட நல்ல விளக்கு கிடையாது. நேரடி வெயில் உள்ளே விழுந்தால் மட்டும் கவனம் தேவை. வெயில் பட்ட இடம் வெளுத்து, நிழல் பட்ட இடம் கரிபிடித்ததுபோல் ஆகிவிடும். மெல்லிய வெள்ளைத் திரையை இழுத்துவிடுங்கள். திரை முழுவதும் ஒரு பெரிய விளக்காக மாறி, ரோமத்தின் மேல் வெளிச்சத்தை மெதுவாகப் பரப்பும். வெயில் நேராக விழாத ஜன்னல் என்றால் திரைகூட வேண்டாம்.

தூரம் எவ்வளவு முக்கியம் என்பது நமக்குச் சட்டென்று தெரியாது, ஏனென்றால் மனிதக் கண் உடனுக்குடன் பழகிக்கொள்ளும். கேமரா அப்படிப் பழகாது. ஜன்னலுக்கு ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் பூனைக்கும் மூன்று மீட்டர் தள்ளி இருக்கும் பூனைக்கும் கிடைக்கும் வெளிச்சத்தில் பல மடங்கு வித்தியாசம் உண்டு. பூனை படுக்கும் நாற்காலியை ஓர் அடி, இரண்டு அடி ஜன்னல் பக்கம் தள்ளிப் போடுங்கள். ஒரேயடியாக இடம் மாற்றினால் பூனை அந்த நாற்காலியையே வெறுத்துவிடும். நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தினால் கண்டுகொள்ளாது.

ஜன்னல் பூனைக்குப் பக்கவாட்டில் இருப்பது நல்லது. அப்போதுதான் முகத்தின் ஒரு பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் சற்று நிழலாகவும் அமைந்து, மூக்கும் கன்னமும் மீசை மேடும் உருவம் பெறும். நிழல் பக்கம் மிகவும் இருட்டாகத் தெரிந்தால் அந்தப் பக்கம் ஒரு வெள்ளை அட்டையையோ வெள்ளைத் துணியையோ நிறுத்துங்கள். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் படம் தெளிவாக வரும், ஆனால் தட்டையாக இருக்கும். ஜன்னல் பூனைக்குப் பின்னால் இருந்தால் காதின் ஓரமும் மீசையும் ஒளிரும், முகம் இருண்டுவிடும். இருட்டு உருவமாக எடுக்க விரும்பினால் அது அருமையான இடம்.

அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள். இது பலருக்கும் விசித்திரமாகத் தோன்றும். வெளிச்சம் குறைவு என்று சொல்லிவிட்டு விளக்கை ஏன் அணைக்க வேண்டும்? ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். பகல் வெளிச்சத்தின் நிறம் ஏறக்குறைய 5500 கெல்வின், மஞ்சள் பல்பு 2700 முதல் 3000 கெல்வின். இரண்டும் கலந்தால் பூனையின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் ஆரஞ்சாகவும் வரும். பிறகு கணினியில் உட்கார்ந்து எவ்வளவு மல்லுக்கட்டினாலும் முழுமையாகச் சரியாகாது. சில எல்இடி விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாமல் விட்டுவிட்டு எரிவதால், ஷட்டர் (கேமராவுக்குள் ஒளியை விடும் கதவு) வேகமாகத் திறந்து மூடும்போது படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடுகளும் விழலாம்.

கண்ணைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் கூடினால் பூனையின் கண்மணி கோடுபோல் சுருங்கும். குறைந்தால் வட்டமாக விரிந்து கண் முழுக்கக் கறுப்பாகும். கண்ணின் மஞ்சளோ பச்சையோ நன்றாகத் தெரிய வேண்டுமானால் ஜன்னலுக்கு அருகே எடுக்க வேண்டும். அப்பாவியான குட்டி முகம் வேண்டுமானால் சற்று உள்ளே தள்ளி எடுக்கலாம். எதுவானாலும் கண்ணில் ஜன்னலின் சிறு ஒளிப்புள்ளி விழுகிறதா என்று பாருங்கள். அது இல்லாத கண் பொம்மைக் கண் மாதிரி இருக்கும்.

படி 3: பின்னணியைக் காலி செய்யுங்கள்

சார்ஜர் வயர், துவைக்கப் போட்ட துணி, பாதி தெரியும் பிளாஸ்டிக் வாளி. எடுக்கும்போது எதுவும் கண்ணில் படாது. எடுத்த பிறகு அவை மட்டும்தான் தெரியும். பூனை வருவதற்கு முன்பே, அது உட்காரும் இடத்தில் ஒரு தலையணையை வைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். வெளிச்சம், பின்னணி இரண்டையும் இந்தத் தலையணைப் படத்திலேயே சரிசெய்துவிடலாம். பூனைக்கும் பின்சுவருக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு மென்மையாகப் பின்னணி மங்கும்.

படி 4: ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ

ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, அப்பர்ச்சர் என்ற லென்ஸ் துளை எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, ஐஎஸ்ஓ என்ற ஒளியுணர்வு அளவு எவ்வளவு: படத்தின் வெளிச்சம் இந்த மூன்றில்தான் இருக்கிறது. மூன்றில் முதலில் ஷட்டரை முடிவு செய்யுங்கள். மற்ற இரண்டும் அதற்கு வேலையாட்கள். தூங்கும் பூனைக்கு 1/60 நொடி போதும், கை நடுங்காமல் பிடித்தால் சரி. விழித்து உட்கார்ந்திருக்கும் பூனைக்கு 1/125 கொடுத்தாலும் அது திடீரென்று தலையைத் திருப்பும், அதனால் நான் 1/250-இல்தான் வைத்திருப்பேன். நடந்தால் 1/250-க்குக் குறையக்கூடாது. பந்தைத் தட்டி விளையாடினால் 1/500. தாவும்போது 1/1000 அல்லது அதற்கு மேல்.

கேமராவோடு வரும் ஜூம் லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் பெரும்பாலும் எஃப்/5.6 வரைதான் திறக்கும் (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும்). 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் அதைப்போலக் கிட்டத்தட்ட பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். வீட்டுக்குள் பூனைப் படத்துக்கென்று ஒரே ஒரு பொருள் வாங்கலாம் என்றால் நான் இந்தச் சிறிய லென்ஸைத்தான் சொல்வேன். 50 மி.மீ., 35 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ்கள் பொதுவாக அந்தந்த நிறுவன லென்ஸ் வரிசையில் விலை குறைந்த பக்கத்திலேயே இருக்கும். சிறிய சென்ஸார் (ஒளியைப் படமாக்கும் தகடு) உள்ள கேமராவும் சின்ன அறையும் என்றால், இன்னும் அகலமாகக் காட்டும் 35 மி.மீ. வசதி.

ஆனால் எஃப்/1.8-இலேயே எப்போதும் எடுக்காதீர்கள். ஒரு மீட்டர் தூரத்தில் 50 மி.மீ. லென்ஸை எஃப்/1.8-இல் வைத்தால் கூர்மையாக விழும் ஆழம் மூன்று, நான்கு செ.மீ.தான். பூனையின் மூக்குக்கும் கண்ணுக்கும் இடையிலான தூரமே ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். கேமரா மூக்கைப் பிடித்துவிட்டால் கண் கலங்கிவிடும். முகம் எடுக்கும்போது எஃப்/2.8 நல்ல சமரசம்.

மிச்சத்தை ஐஎஸ்ஓ ஏற்கட்டும். மேகமூட்டமான பகலில் ஜன்னல் அருகே எஃப்/2.8, 1/250 வைத்தால் ஐஎஸ்ஓ 800 சுற்றுவட்டாரத்தில் வந்து நிற்கும். அறை சற்று இருண்டிருந்தால் 1600, 3200 என்று ஏறும். ஏறட்டும். ஐஎஸ்ஓ கூடினால் படத்தில் மணல்போல் நுண்புள்ளிகள் தெரியும், அவற்றைப் பின்னால் குறைக்கலாம். கலங்கிய பூனையைக் கூர்மையாக்க வழி இல்லை. நானும் ஆரம்பத்தில் ஐஎஸ்ஓ 400-ஐத் தாண்டக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். அந்தப் பிடிவாதத்தின் பலன்தான் மேலே சொன்ன சாம்பல் மேகங்கள்.

நடைமுறையில் இதை எப்படி வைப்பது? கேமராவின் சுழல்பொத்தானை ஷட்டர் முன்னுரிமைக்கு (எஸ் அல்லது டிவி என்று இருக்கும்) திருப்பி 1/250 வைத்து, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு அதன் உச்சவரம்பை 6400 என்று கொடுத்துவிடுங்கள். முதல் வாரத்துக்கு இது போதும். கை பழகியதும் அப்பர்ச்சரையும் ஷட்டரையும் நீங்களே வைத்துக்கொண்டு ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விடும் முறைக்கு மாறலாம். இன்றைக்கும் நான் அப்படித்தான் எடுக்கிறேன். கோப்பு வகையில் ரா-வைத் (கேமரா பதிந்ததைத் திருத்தாமல் அப்படியே வைக்கும் கோப்பு) தேர்ந்தெடுங்கள், நிறமும் நிழலும் திருத்த இடம் கிடைக்கும்.

படி 5: ஃபோகஸ் கண்ணில்

பூனை அசைந்தாலும் விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸை இயக்குங்கள். நிக்கான், சோனியில் அது ஏஎஃப்-சி, கேனனில் செர்வோ. சமீபத்திய மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்கள் பலவற்றில் விலங்குகளின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் வசதி உண்டு. மெனுவில் அது ‘மனிதர்’ என்றே கிடக்கும். ‘விலங்கு’ என்று மாற்றாமல், வசதி வேலை செய்யவில்லை என்று புலம்பியவன் நான். அந்த வசதி இல்லாத கேமராவில் ஒற்றைப் புள்ளி ஃபோகஸைத் தேர்ந்து, நமக்கு அருகில் இருக்கும் கண்ணின் மேல் வையுங்கள்.

பர்ஸ்ட் முறையில் (பொத்தானை அழுத்தியிருக்கும்வரை தொடர்ந்து எடுக்கும் முறை) மூன்று, நான்கு படங்களாக எடுங்கள். விரலை எடுக்காமல் நூறு படம் தட்டினால் பிறகு தேர்ந்தெடுக்கும்போது கண்ணீர்தான். ஃபோகஸ் ஆனதும் வரும் ‘பீப்’ ஒலியையும், இருட்டில் எரியும் சிறு உதவி விளக்கையும் அணைத்துவிடுங்கள். சத்தமில்லாத ஷட்டர் இருந்தால் அமைதியான படங்களுக்கு அதைப் பயன்படுத்தலாம். வேகமான அசைவில் மட்டும் அது உருவத்தைச் சாய்த்துவிடக்கூடும்.

படி 6: தரையில் படுங்கள்

நின்றபடி எடுத்தால் பெரிய தலையும் சின்ன உடம்பும்தான் கிடைக்கும். கேமரா பூனையின் கண் உயரத்துக்கு வர வேண்டும். தரையில் படுங்கள், மண்டியிடுங்கள், பூனை அலமாரி மேல் இருந்தால் நாற்காலியில் ஏறுங்கள். மற்ற எல்லாப் படிகளையும் மறந்து இதை மட்டும் செய்தாலே வித்தியாசம் தெரியும்.

படி 7: பூனையிடம் அனுமதி கேட்பது

பூனையின் உலகத்தில் உற்றுப் பார்ப்பது சண்டைக்கு இழுப்பது. லென்ஸ் என்பது இமைக்காமல் பார்க்கும் ஒரு பெரிய கண். அதை நேரே முகத்துக்கு நீட்டினால் எழுந்து போகாமல் என்ன செய்யும்? ஓரிரு நாள் கேமராவைச் சும்மா தரையில் வைத்துவிடுங்கள். வந்து மோந்து பார்க்கும், கன்னத்தைத் தேய்க்கும், அதன்பின் மேசை நாற்காலிபோல் அதையும் ஏற்றுக்கொள்ளும். கேமரா வாரை மட்டும் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். தொங்கும் வார் பூனைக்கு விளையாட்டுப் பொருள். அதை இழுத்தால் கூடவே கேமராவும் வரும்.

அப்புறம் மெதுவாகக் கண் சிமிட்டுங்கள். பூனையைப் பார்த்து, கண்களைப் பாதி மூடி, மெல்ல மூடித் திறப்பது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிச் சிமிட்டும் மனிதர்களுக்குப் பூனைகளும் பதிலுக்குக் கண்ணைச் சுருக்குகின்றன, அவர்களை நெருங்கி வரவும் அதிகம் தயாராக இருக்கின்றன என்று கண்டார்கள். புள்ளியிடம் இது நன்றாகவே பலிக்கிறது. கரியன் கொட்டாவி விடுவான். அதுவும் நல்ல படம்தான்.

காது நிமிர்ந்து நம் பக்கம் திரும்ப வேண்டுமானால் ஒரு சிறு ஒலி போதும்: காகிதத்தைக் கசக்குவது, நகத்தால் லென்ஸ் மூடியைச் சுரண்டுவது. ஒரே ஒலிக்கு இரண்டு தடவைக்கு மேல் மதிப்பு இல்லை. அதனால் எல்லாம் தயாரான பிறகே ஒலியைச் செலவழியுங்கள். பெயரைக் கூப்பிடாதீர்கள், கூப்பிட்டால் பல பூனைகள் நேரே லென்ஸுக்கு வந்து மூக்கை ஒட்டிவிடும்.

காது பின்னால் படிந்தாலோ, வால் நுனி படபடவென்று அடித்தாலோ, உடம்பு தரையோடு பதுங்கினாலோ கேமராவை இறக்கிவிடுங்கள். அன்றைக்கு அவ்வளவுதான். பத்து நிமிடத்துக்கு மேல் எந்தப் பூனையையும் நான் தொந்தரவு செய்வதில்லை. சட்டை, தொப்பி போட்டு எடுக்கும் படங்கள் எனக்குப் பிடிக்காது. அவற்றில் பூனையின் முகத்தைப் பாருங்கள், காரணம் தெரியும்.

தாவலைப் பிடிப்பது

முடிவெடுக்காத ஆளை மதில்மேல் பூனை என்கிறோம். நிஜப் பூனை தாவுவதற்கு முன் நிறையவே சொல்லிவிடுகிறது. இறங்கப்போகும் இடத்தை உற்றுப் பார்க்கும், பின்கால்களை உடம்புக்கு அடியில் இழுத்துக்கொள்ளும், பின்பக்கத்தை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டும். அப்போதே அழுத்தத் தொடங்கிவிட வேண்டும். தாவிய பிறகு அழுத்தினால் காலியான நாற்காலிதான் கிடைக்கும்.

ஓர் இறகுக் குச்சியை ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் எடுப்பதே சுலபம். இரண்டு தாழ்வான முக்காலிகளை ஜன்னலுக்கு இணையாக வைத்து, நடுவே உள்ள வெற்றிடத்தில் பூனை வரும் இடத்துக்கு முன்கூட்டியே கையால் ஃபோகஸை வைத்துவிடுங்கள். எஃப்/4, 1/1000, ஐஎஸ்ஓ தேவைப்படும் அளவுக்கு. வெளிச்சம் நன்றாக உள்ள நாளில்தான் இதைச் செய்ய முடியும். பூனை குச்சியைப் பின்தொடர்ந்து கேமராவுக்குக் குறுக்கே தாவினால், தூரம் மாறாது, ஃபோகஸும் தவறாது. நம்மை நோக்கித் தாவினால் பெரும்பாலும் வீண்.

லேசர் ஒளியைக் காட்டி விளையாடாதீர்கள். கண்ணுக்கும் நல்லதல்ல, கேமரா சென்ஸாருக்கும் நல்லதல்ல. நூல், ரப்பர் வளையம் போன்றவற்றைப் படம் முடிந்ததும் எடுத்துப் பூட்டிவிடுங்கள். விழுங்கினால் குடலில் சிக்கும்.

1894-இல் பிரெஞ்சு விஞ்ஞானி எத்தியென் ஜூல் மாரே, தலைகீழாக விடப்பட்ட பூனை விழும்போதே திரும்பிக் காலூன்றுவதைத் தொடர்படங்களாக எடுத்துக் காட்டினார். வீட்டில் யாரும் அதை முயல வேண்டாம். தானாகத் தாவும் பூனையே போதும்.

ஃபிளாஷ் பற்றி

பூனையின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. அந்திநேரத்தில் கிடைக்கும் கொஞ்ச ஒளியையும் இரண்டு முறை பயன்படுத்திக்கொள்ள அது உதவுகிறது. கேமராவின் மேல் உள்ள ஃபிளாஷ் லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால், அந்தப் படலத்தில் பட்ட ஒளி நேராக லென்ஸுக்கே திரும்பி வந்து கண்ணைப் பச்சையாகவோ மஞ்சளாகவோ எரிய வைக்கும். நீலக்கண் பூனைகளில் இது பெரும்பாலும் சிவப்பாக வரும். கேமராவில் உள்ள ஃபிளாஷை அணைத்தே வையுங்கள். தனி ஃபிளாஷ் இருந்தால், தலையை மேலே திருப்பி வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்பும்படி எடுக்கலாம். பூனை மிரள்கிறதா என்று முதல் படத்திலேயே தெரிந்துவிடும். மிரண்டால் விட்டுவிடுங்கள். குட்டிகளுக்கு வேண்டவே வேண்டாம்.

கறுப்பும் வெள்ளையும்

கேமராவின் ஒளிமானி உலகம் நடுத்தர சாம்பல் நிறம் என்று நம்புகிறது. படம் முழுக்கக் கரியன் நிறைந்திருந்தால் ‘ரொம்ப இருட்டு’ என்று எண்ணி வெளிச்சத்தைக் கூட்டி, அவனைச் சாம்பல் பூனையாக்கிவிடும். எக்ஸ்போஷர் ஈடுசெய்தலை (கேமரா கணித்த வெளிச்சத்தை நாம் கூட்டவோ குறைக்கவோ உள்ள அமைப்பு) மைனஸ் 0.7 அல்லது மைனஸ் 1 வையுங்கள். புள்ளி நிறைந்திருந்தால் இதற்கு நேர்மாறு, பிளஸ் 0.7 அல்லது பிளஸ் 1; இல்லாவிட்டால் அழுக்கு வெள்ளையாக வருவாள். ஆனால் கரியன் வெள்ளை விரிப்பில் சிறிதாகப் படுத்திருந்தால் கணக்கு மாறும். அப்போது கேமரா பார்ப்பது விரிப்பைத்தான், எனவே பிளஸ் பக்கம் போக வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு மாதம் ஆனது.

கறுப்புப் பூனைக்கு இன்னொரு தந்திரம்: வெளிச்சம் பக்கவாட்டிலிருந்தோ சற்றுப் பின்னாலிருந்தோ வந்து ரோமத்தின் பளபளப்பைக் காட்ட வேண்டும். நேர் வெளிச்சத்தில் அவன் இரண்டு கண் உள்ள ஓட்டைபோல்தான் தெரிவான். பின்னணியும் கறுப்பாக இருக்க வேண்டாம்.

போனில் எடுப்பவர்களுக்கு

லென்ஸை முதலில் துடையுங்கள். போனை மூக்கருகே கொண்டுபோனால் அகலக்கோண லென்ஸ் மூக்கைப் பெரிதாக்கிக் காட்டும். ஓர் அடி பின்வாங்கி 2 மடங்கு ஜூமில் எடுங்கள், வெளிச்சம் நன்றாக இருக்கும்போது மட்டும். திரையில் கண்ணின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலை மேலும் கீழும் இழுத்து வெளிச்சத்தை மாற்றலாம். போர்ட்ரெய்ட் முறை மீசையையும் காது முடியையும் பின்னணியோடு சேர்த்து மங்கலாக்கிவிடும் வழக்கம் உள்ளது, ஆகவே சாதாரண முறையிலும் இரண்டு எடுத்து வையுங்கள். இரவு முறை, தூங்கும் பூனைக்கு மட்டும். அது பல படங்களைச் சில நொடிகளுக்குச் சேர்த்து எடுப்பதால் வாலாட்டினாலே வீணாகிவிடும்.

படி 8: கழிப்பதும் திருத்துவதும்

எடுத்த அன்றே எல்லாவற்றையும் அழிக்காதீர்கள். ஆசையாக இருந்தாலும் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளவும் செய்யாதீர்கள். அடுத்த நாள் கண்ணை முழு அளவில் பெரிதாக்கிப் பாருங்கள். கண் கூர்மையாக இல்லாதது போகட்டும். நூறில் ஐந்து தேறினால் நல்ல நாள்.

திருத்தத்தில் நான் செய்வது கொஞ்சம்தான்: ஓரத்தை வெட்டிச் சட்டத்தை நேராக்குவது, புள்ளியின் வெள்ளை நீலம் பாயாமல் நிறச்சமநிலையை மாற்றுவது, நிழலைச் சற்று உயர்த்துவது, நுண்புள்ளிகளை அளவாகக் குறைப்பது. அதிகம் குறைத்தால் ரோமம் மெழுகுபோல் ஆகிவிடும். காதையும் மீசை நுனியையும் வெட்டாதீர்கள். கண்ணை மட்டும் ஒளிரவைக்கும் கருவியைப் பார்த்தால் கை அரிக்கும், பாதியில் நிறுத்துங்கள்.

கடைசியாக, தேறிய படங்களில் கேமரா பதிந்திருக்கும் நேரத்தைப் பார்த்து, முதல் படியில் தொடங்கிய நோட்டில் எழுதுங்கள். என் நோட்டின்படி புள்ளியின் நல்ல படங்கள் முக்கால்வாசி காலை ஒன்பதரைக்கும் பத்தேகாலுக்கும் நடுவில், அதே ஜன்னல் ஓர நாற்காலியில் எடுத்தவை. கரியனின் பக்கத்தில் இன்னும் எழுதியும் அடித்தும் கிடக்கிறது.